முதலில் புத்தகம், அப்புறம்தான் பொம்மை

அப்பா 1990-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி வேலையாகப் போனபோது நாங்களும் கூடவே மேடிசன் ஊருக்குக் குடிபோனோம். எனக்கு அப்போது எட்டு வயது. கோயம்புத்தூரில் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவளுக்கு அங்கே முதலில் துணையாக வாய்த்தது பொது நூலகம்தான். அதில் ஓர் அலமாரி முழுக்க ஒரே மாதிரி அட்டை போட்ட புத்தகங்கள். ஒவ்வொரு அட்டையிலும் கிட்டத்தட்ட என் வயதுப் பெண் ஒருத்தி, ஏதோ ஒரு பழைய காலத்து உடுப்பில் நிற்பாள். அமெரிக்கன் கேர்ள் வரிசை. அந்தப் புத்தகங்களை வெளியிட்டு, கூடவே அவற்றின் பொம்மைகளையும் விற்றுவந்த ப்ளெசன்ட் கம்பெனி எங்கள் ஊரை ஒட்டினாற்போல் இருந்த மிடில்டனில்தான் இருந்தது. அது தெரியாமலேயே பாதி அலமாரியைப் படித்து முடித்திருந்தேன்.

நாலு வருடத்தில் ஊர் திரும்பிவிட்டோம். காலேஜ், வேலை, கல்யாணம் எல்லாம் ஆகி, இப்போது சிகாகோ பக்கம் குடியிருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. அவளைச் சாக்காக வைத்து அந்த வரிசையைத் திரும்பப் படிக்கத் தொடங்கினேன். அது பொம்மை சேகரிப்பில் போய் நின்றது. இதே ஆசை உள்ளுக்குள் இருந்து, வெளியே சொல்லக் கூச்சப்படும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது நான் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வரிசை எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் இதில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்பது பிடிபடும். ப்ளெசன்ட் ரோலண்ட் என்ற பெண்மணி பள்ளி ஆசிரியையாக இருந்தவர், தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்தவர், குழந்தைகளுக்கான பாடநூல்களும் எழுதியவர். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்ததோ அப்படியே வீடு, கடை, பட்டறை எல்லாவற்றையும் மீட்டு, அந்தக் காலத்து உடுப்பில் ஆட்களையும் நடமாட விட்டிருப்பார்கள். 1984-ல் அதைப் பார்த்தபோது, சரித்திரத்தைக் குழந்தைகளுக்கு இப்படித்தான் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்து அண்ணன் தங்கை பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பொம்மை தேடிக் கடைக்குப் போனால், பார்பியும் கேபேஜ் பேட்ச் பொம்மையும்தான் கிடைத்தன. இந்த இரண்டும் சேர்ந்து 1986-ல் கம்பெனி ஆனது. கடை கிடையாது, தபாலில் வரும் கேட்டலாக் மட்டும்தான். முதலில் வந்தவர்கள் மூன்று பேர்: 1854-ல் ஸ்வீடனிலிருந்து மினசோட்டாவுக்குக் குடியேறும் கிர்ஸ்டன், 1904-ல் நியூயார்க் மாநிலத்தில் பணக்காரப் பாட்டியிடம் வளரும் அநாதை சமந்தா, 1944-ல் அப்பாவை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு இல்லினாயில் காத்திருக்கும் மாலி.

ஆளுக்கு ஆறு புத்தகம். அறிமுகம், பள்ளிக்கூடம், கிறிஸ்துமஸ், பிறந்தநாள், ஒரு சாகசம், கடைசியில் ஒரு மாற்றம். எந்தப் பெண்ணை எடுத்தாலும் இதே வரிசைதான். சின்ன வயதில் இது சலிக்கவே இல்லை. அடுத்த பெண்ணுக்குப் பிறந்தநாள் எப்படி வரும் என்ற ஆவல்தான் இருந்தது. அடிமையாகப் பிறந்த பெண்ணுக்குப் பிறந்த தேதியே தெரியாது, அதனால் அவளே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறாள் என்று படித்தபோது எனக்கு ஏதோ புரிந்தது. ஒரே சட்டகத்தில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். வாத்தியார் புத்திக்காரர் போட்ட திட்டம் அது.

பொம்மை ஒன்றரை அடி உயரம். துணி உடம்பு, வினைல் முகமும் கை காலும், படுக்க வைத்தால் மூடும் கண். அப்போது விலை 82 டாலர். அப்பாவின் ஆராய்ச்சிச் சம்பளத்தில் அது பெரிய தொகை. கேட்டலாக்கைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியபோது, “எம்பது டாலருக்குப் பொம்மையா சாமி? அந்தக் காசுக்கு ஊர்ல உனக்கு அரைப் பவுன்ல தோடு எடுத்துப் போட்ரலாமே” என்றார். மேடிசன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட, திரும்பி வந்த பொம்மைகளையும் சின்னக் குறை உள்ளவற்றையும் குறைந்த விலைக்குப் போட்டு அப்போது வருடா வருடம் விற்றுவந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா சொன்னதைக் கேட்டு என் அம்மாவும் ஒரு முறை கிளம்பிப் போனார். வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு வழியில் தக்காளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

திரும்பப் படிக்க ஆரம்பித்தது ஒரு நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் கிர்ஸ்டனின் ஆறும் ஒரே கட்டாகக் கிடைத்தபோது. ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகத்தை முடித்துவிடலாம் என்ற கணக்கில் உட்கார்ந்தேன். கணக்கு என்னமோ சரிதான். ஆனால் முதல் புத்தகத்திலேயே கிர்ஸ்டனின் தோழி மார்த்தா ஆற்றுப் படகில் காலரா வந்து செத்துப்போகிறாள். எட்டு வயதில் இதை நான் எப்படித் தாண்டினேன் என்று யோசித்தேன். அப்போது நான் கிர்ஸ்டனோடு போய்விட்டேன். அவள் மேற்கே போனாள், நானும் போனேன். இப்போது என் மனசு அந்தப் படகிலேயே, மார்த்தாவின் அம்மாவோடு நின்றுவிட்டது.

இது எல்லாப் புத்தகத்திலும் நடந்தது. மாலியின் கதையில் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் கில்ஃபோர்டு அம்மாள் டர்னிப் மசியலைச் செய்து வைப்பார். மாலி தொடமாட்டாள், ஆறிப்போன தட்டின் முன்னால் அவளைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். சின்ன வயதில் நான் முழுக்க மாலி கட்சி. இப்போது படித்தால், சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன், தோட்டத்தில் விளைந்ததை வைத்து நாலு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட வேண்டும், வீட்டு அம்மா செஞ்சிலுவைச் சங்க வேலைக்குப் போய்விட்டார். அந்தச் சமையல்கார அம்மாளுக்காக ஒரு தனிப் புத்தகம் எழுதியிருக்கலாமே என்று ஆகிவிட்டது.

சமந்தாவை நான் சும்மா அழகு பொம்மைக்காரி என்று நினைத்து வைத்திருந்தேன். அது தப்பான நினைப்பு இல்லை, உடுப்பும் ரிப்பனும் அவளுக்குத்தான் அதிகம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தை யாராவது திரும்ப எடுத்துப் படித்துப் பாருங்கள். முன்னேற்றம் என்ற தலைப்பில் பேச்சுப்போட்டி. தொழிற்சாலைகள் அமெரிக்காவை எப்படி உயர்த்தின என்று எழுதி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் நெல்லி, தான் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அங்கே இருந்த நிலைமையைச் சொல்கிறாள். இரைச்சல், தூசு, மெஷினில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள். மேடையில் சமந்தா பேச்சை மாற்றிவிடுகிறாள். பிள்ளைகளைக் கசக்கிப் பிழிவது முன்னேற்றமா என்று கேட்கிறாள். எட்டு வயதுக் குழந்தைக்கான கதையில் இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

வரிசையிலேயே கனமானது ஆடி வாக்கருடையது. 1993-ல் வந்தது, எழுதியவர் கானி போர்ட்டர். காலம் 1864, இடம் வட கரோலினாவின் புகையிலைத் தோட்டம். இலையிலிருந்து புழு பொறுக்க வேண்டும், அது அவள் வேலை. சிலவற்றை விட்டுவிடுகிறாள். கங்காணி வந்து, விட்டுப்போன புழுக்களை அவள் வாயிலேயே திணிக்கிறான். அதைப் படித்த யாரும் மறக்கமாட்டார்கள். என்னோடு பேசிய பெண்கள் அத்தனை பேரும் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். எனக்கு இந்தத் தடவை அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறு இடம். அப்பாவையும் அண்ணனையும் விற்றுவிட்டார்கள். ஆடியும் அம்மாவும் இருட்டில் தப்பி ஓட வேண்டும். கைக்குழந்தை எஸ்தர் அழுதால் எல்லோரும் பிடிபடுவார்கள். அதனால் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இதைப் பற்றி விமரிசனமும் உண்டு. பல வருடங்களுக்கு வரிசையில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் ஆடிதான். வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடையும் டீ செட்டும், கறுப்பினப் பிள்ளைக்கு மட்டும் அடிமைத்தனமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி. கதை நல்ல கதை. ஆனால் அது ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது. 1964-ன் டெட்ராய்ட்டில் வளரும் மெலடி வர 2016 ஆனது, 1922-ன் ஹார்லெம் பெண் க்ளாடி வர 2022 ஆனது. அதே சமயம் ஃபெலிசிட்டியைப் பாருங்கள். 1774, வில்லியம்ஸ்பர்க். தேயிலை வரியை எதிர்த்து அவள் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது, குதிரையைக் காப்பாற்றுவது எல்லாம் அருமை. அவள் வீட்டிலும் தாத்தாவின் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் அடிமைகள் என்பதைக் கதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஃபெலிசிட்டியையும் ஆடியையும் அடுத்தடுத்துப் படித்தால் இது முகத்தில் அறையும். நான் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். அவள் நாலாவது புத்தகத்திலேயே, “இவங்க வீட்ல சமைக்கிற ரோஸுக்குச் சம்பளம் உண்டாம்மா?” என்று கேட்டாள்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பழைய ஆறு புத்தகப் பதிப்பைத் தேடுங்கள். 2014-ல் பிஃபாரெவர் என்ற பெயரில் வரிசையைப் புதுப்பித்தபோது ஆறு கதைகளையும் இரண்டு தொகுதிகளாக ஆக்கிவிட்டார்கள், படங்களை எடுத்துவிட்டார்கள். கதை இருக்கிறது, ஆனால் பாதி சரித்திரம் படத்தில்தான் இருந்தது. அடுப்பு எப்படி இருந்தது, ஸ்லேட்டு எப்படி இருந்தது என்பதை எழுத்தில் சொல்லாமல் ஓரத்தில் வரைந்து வைத்திருப்பார்கள். பழைய பதிப்பில் கதைக்குப் பின்னால் அந்தக் காலத்தைப் பற்றி நிஜப் புகைப்படங்களோடு சில பக்கங்கள் வரும். சின்ன வயதில் நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அதைத்தான் முதலில் படிக்கிறேன். இவை லட்சக்கணக்கில் அச்சானவை, அதனால் விலை ஒன்றும் இல்லை. நூலக விற்பனையிலும் பழைய பொருள் கடைகளிலும் ஒரு காபி காசுக்குக் கிடைக்கும். நூலக முத்திரை இருந்தால் ஒதுக்காதீர்கள், அந்தப் பிரதிகளின் கட்டு உறுதியாக இருக்கும்.

ஆடியை மட்டும் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கூட உட்கார்ந்து படியுங்கள்.

சரி, பொம்மைக்கு வருவோம். இங்கேதான் பணம் கரையும். ப்ளெசன்ட் கம்பெனியை 1998-ல் மாட்டல் 70 கோடி டாலருக்கு வாங்கியது. பார்பி செய்யும் அதே மாட்டல்தான். அதற்கு முன்னும் பின்னும் வந்த உடுப்பு, கட்டில், மேஜை, நாய்க்குட்டி, குதிரை, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் வீட்டில் நமக்கு இடம் இருக்காது. எனவே எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: ஒரு பெண்ணின் ஆறு புத்தகத்தையும் படித்து முடிக்காமல் அவள் பொம்மையை வாங்குவதில்லை. பொம்மையோடு வரும் சாமான்களிலும், கதையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற பொருளை மட்டும் வாங்குவேன். இந்த ஒரு வரம்பு என் பர்ஸைக் காப்பாற்றியது. சமந்தாவின் உடுப்புகளில் முக்கால்வாசி இதில் அடிபட்டுப்போனது.

அப்படிப் பார்த்து வாங்கினால் சின்னப் பொருளில்கூட விஷயம் இருக்கும். மாலியோடு விற்ற சாமான்களில் ஒரு காசு உண்டு. பொம்மைக் காசு அல்ல, 1943-ல் அமெரிக்க அரசு அடித்த நிஜ ஒரு சென்ட். யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் மட்டும் சென்ட்டை எஃகில் அடித்து மேலே துத்தநாகம் பூசினார்கள். செம்பு நிறத்துக்குப் பதில் வெள்ளையாக இருக்கும். இரண்டாம் கையாக வாங்கும்போது அந்தக் காசு தொலைந்து, விற்பவர்கள் வேறு ஏதாவது சில்லறையைப் போட்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுபோனால் தெரிந்துவிடும், 1943-ன் காசு டக்கென்று ஒட்டிக்கொள்ளும். எங்களுடையது ஒட்டியதும் மகள் வீட்டில் இருந்த சில்லறை அத்தனையையும் கொட்டி ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒன்றுகூட ஒட்டவில்லை. “அப்ப யுத்தம்னா காசுகூட மாறுமா?” என்றாள். அந்த ஒரு சென்ட் வேலையை எந்தப் பாடப்புத்தகமும் செய்யாது. சமந்தாவின் கைப்பையிலும் இப்படி அவள் காலத்துச் செவ்விந்தியத் தலை போட்ட நிஜ சென்ட் ஒன்று வைத்திருந்தார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பழைய பொம்மை என்று விளம்பரம் போட்டால் உடம்புத் துணியின் நிறத்தைக் கேளுங்கள். ஆரம்பத்தில் உடம்பு வெள்ளைத் துணியில் இருந்தது. 1991-ல் ஃபெலிசிட்டி வந்தபோது அவள் கவுனின் கழுத்து இறங்கியிருந்ததால் வெள்ளைத் துணி வெளியே தெரிந்தது. அதற்காகத் தோல் நிறத் துணிக்கு மாற்றினார்கள், பிறகு எல்லோருக்கும் அதுவே ஆனது. ஆகவே வெள்ளை உடம்பு என்றால் முதல் சில வருடத்துச் சரக்கு, விலையும் அதற்கு ஏற்ப ஏறும். ஆரம்பப் பொம்மைகளைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் கெட்ஸ் கம்பெனி. கழுத்தின் பின்னால் முடிக்குக் கீழே ப்ளெசன்ட் கம்பெனி என்ற பெயர் பதிந்திருக்கும். ஆனால் மாட்டல் கைக்குப் போன பிறகும் கொஞ்ச காலம் பழைய பெயரே பதிந்து வந்ததால், முத்திரையை மட்டும் நம்பி அதிகப் பணம் கொடுக்கக் கூடாது. கை காலின் பருமனையும் பாருங்கள். பழையது கொழுகொழுவென்று இருக்கும், பிந்தையது மெலிந்திருக்கும்.

காயாவை வாங்குவதாக இருந்தால் ஒன்று. 1764-ன் நெஸ் பெர்ஸ் பழங்குடிப் பெண் அவள், 2002-ல் வந்தாள். மற்ற பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல்பல் தெரியும், அவளுக்கு வாய் மூடியிருக்கும். பல்லைக் காட்டுவது அவர்கள் மரபில் மரியாதை இல்லை என்பதால், பழங்குடி ஆலோசகர்களோடு பேசி அவளுக்கென்றே முகத்தைச் செய்தார்கள். பல் உடைந்துபோன பொம்மை என்று யாராவது தள்ளுபடியில் விற்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்தில் தெரியாதது இரண்டு. ஒன்று, கண். பழைய பொம்மைகளில் கருவிழி மங்கி வெள்ளி பூத்தாற்போல் ஆகிவிடும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, கண்ணையே மாற்ற வேண்டும். பளிச்சென்ற வெளிச்சத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படம் கேளுங்கள். இன்னொன்று வாசனை. எனக்கு ஒரு ஆன்லைன் விற்பனையாளர் அனுப்பிய ஆடியின் பெட்டியைத் திறந்ததும் வரவேற்பறை முழுக்க சிகரெட் நாற்றம். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன்னால் புகை பிடிக்கும் வீடா, பூனை உண்டா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். மூடிய டப்பாவில் சமையல் சோடாவைக் கிண்ணத்தில் வைத்து, பொம்மையைக் கூடவே போட்டு, சோடாவை அவ்வப்போது மாற்றி வந்தால் மெதுவாகக் குறையும். துணி உடம்புக்குள் இருக்கும் பஞ்சு புகையைப் பிடித்து வைத்திருப்பதால் அவசரப்பட்டால் நடக்காது.

நான் முழுசாகக் கையை வைத்தது கிர்ஸ்டன் மேல்தான். பழைய பொருள் கடையில் ஜட்டி மட்டும் போட்டு, ஒரு கால் தொங்கிக்கொண்டு, கையில் நீல பேனாவால் யாரோ கடிகாரம் வரைந்து, தலை சிக்கடைந்து கிடந்தாள். தலையிலிருந்து ஆரம்பித்தேன். நாம் தலை வாரும் சீப்பு உதவாது. சவுரி முடிக்கு விற்கும், கம்பிப் பல் வைத்த பிரஷ் வேண்டும். தண்ணீரை மெல்லத் தெளித்து, நுனியிலிருந்து ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வரும், அது திரும்ப முளைக்காது. ஷாம்பூ போடலாம், கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேர் ட்ரையர் கூடவே கூடாது, செயற்கை முடி சுருண்டு கருகிவிடும். எண்ணெய் வைக்கவே வைக்காதீர்கள். அம்மா விடியோ காலில் பார்த்துவிட்டு, “காஞ்சு கெடக்குது பாரு கண்ணு, துளி தேங்காண்ண தொட்டு வெய்யி” என்று மூன்று தரம் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

கிர்ஸ்டனின் பின்னல் காதோரம் இரட்டை வளையமாக மடித்துக் கட்டியது. அதற்கு மட்டும் இங்கே பழகியவர்கள் திணறுகிறார்கள். இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை.

பேனாக் கறைக்கு வைத்தியம் மருந்துக்கடையில் இருக்கிறது. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்ஸைடு களிம்பு, 10 சதவீதம் உள்ளது. கறையின் மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். காய்ந்தால் துடைத்துத் திரும்பப் போட வேண்டும். நாள் கணக்காகும், ஆனால் மறையும். கறையைத் தாண்டிப் பரவினால் வினைலும் வெளுத்துவிடும். கன்னச் சிவப்பு, உதடு, புருவம் எல்லாம் மேலே பூசிய வர்ணம், அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. துணி உடம்பிலும் படக் கூடாது.

தொங்கும் காலுக்குக் காரணம் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்துபோவது. கழுத்தில் துணியைச் சுருக்கிக் கட்டியிருக்கும் நூலை அவிழ்த்தால் தலை தனியாக வந்துவிடும். பஞ்சை வெளியே எடுத்தால் கயிறும் முடிச்சும் தெரியும். கயிற்றை இழுத்துப் பிடித்துப் பழைய முடிச்சுக்கு உள்ளே இன்னொரு முடிச்சு போட்டால் கால் நிற்கும். தலையில்லாமல் பஞ்சு சிதறிக் கிடக்கும் காட்சியைக் குழந்தை பார்க்காத நேரமாகச் செய்யுங்கள். இதெல்லாம் நமக்கு ஆகாது என்றால் கம்பெனியே பொம்மை ஆஸ்பத்திரி நடத்துகிறது. அனுப்பி வைத்தால் சரிசெய்து, ஆஸ்பத்திரி கவுன் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். மிகப் பழைய பொம்மைக்குத் தலையையே மாற்றிவிடுவதும் உண்டு என்பதால், பழைய முகம் வேண்டுமென்றால் அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்து வைப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை: அடர்ந்த நிற உடுப்பை மாட்டி மாசக்கணக்கில் பெட்டியில் அடைக்காதீர்கள். சாயம் வினைலில் இறங்கினால் மேலே சொன்ன களிம்பு வைத்தியத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும். ஜன்னல் வெயிலும் ஆகாது, மேல்மாடிச் சூடும் ஆகாது.

முதலீடு என்று நினைத்து இதில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சமந்தாவை 2009-லும் கிர்ஸ்டனை 2010-லும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். உடனே பழைய பொம்மைகளுக்குக் கிராக்கி ஏறியது. சமந்தா 2014-ல் திரும்பி வந்தாள். 2021-ல் 35-ஆம் ஆண்டுக்காக முதல் ஆறு பேரையும் பழைய உடுப்போடு மறுபடி வெளியிட்டார்கள். இனி கிடைக்கவே கிடைக்காது என்று யாராவது அவசரப்படுத்தினால் இந்த வருடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வசதியில்லாதவர்களுக்கும், வாங்க இஷ்டமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நியூயார்க் பொது நூலகத்தின் ஓட்டன்டார்ஃபர் கிளையில் ஒரு கிர்ஸ்டன் பொம்மையைப் பல வருடம் புத்தகம் போலவே இரவல் கொடுத்து வந்தார்கள். வீடு வீடாகப் போய், குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கி, முடி பறந்து, திரும்பத் திரும்ப வந்திருக்கிறாள். உங்கள் ஊர் நூலகத்திலும் பொம்மை இரவல் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நம்மிடம் இருப்பதை நாமே கொடுத்து ஆரம்பித்து வைக்கலாம். என்னுடைய இரண்டாவது மாலியை அப்படித்தான் கொடுத்திருக்கிறேன், ஆறு புத்தகத்தோடு, அந்த 1943-ன் சென்ட் மட்டும் இல்லாமல். காசு தொலையும் என்று தெரியும்.

மகளுக்கு இப்போது காவி வேண்டும். காவி ஷர்மா, வருடத்துக்கு ஒருத்தி என்று வெளியிடும் இக்காலப் பெண்களில் 2023-க்கானவள், நியூ ஜெர்சியில் வளரும் இந்திய வம்சாவளிப் பிள்ளை, பிராட்வே நாடகப் பைத்தியம். வர்ஷா பஜாஜ் எழுதியது. என் காலத்தில் இப்படி ஒருத்தி அந்த அலமாரியில் இருந்திருந்தால் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் வீட்டுச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் இன்னும் பாதியில் இருக்கிறாள். அதற்குள் கேட்டலாக்கில் பென்சிலால் வட்டம் போட்டாகிவிட்டது.